மண்ணெண்ணெய் கேனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

அந்த மாதம் ரேஷன் கடையில் சர்க்கரைக்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை போட்டார்கள். அட்டைக்கு ஒன்று. பாத்திரம் நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

செய்தி காதில் விழுந்ததும் குழந்தைவேலு மிஷினை விட்டு எழுந்துவிட்டான். அவன் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். பாதி தைத்த சட்டைக் கை ஒன்று ஊசிக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்தது. பெர்மிஷன் கூடக் கேட்கவில்லை. இப்படி ஒரு காரியத்தை அவன் ஆயுளில் செய்ததில்லை. ஆனால் ரேஷனில் இன்றைக்குப் போடுவது நாளைக்கு இருக்காது. இதற்கெல்லாம் யோசித்துக்கொண்டு நின்றால் காலிச் சாக்கைத்தான் பார்க்க முடியும்.

அவன் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. சனிக்கிழமை படுத்தால் திங்கட்கிழமை விடியும். நடுவில் இருப்பதைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும். அதற்கு டபுள் சம்பளம். அந்த டபுள் இல்லாவிட்டால் வாடகைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் அவன் நசுங்கிப் போவான். அதனால் அவன் குறை சொல்வதில்லை. குறை சொல்ல உட்காருவதற்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டுமே.

அவனுக்கு ஒரே மகள். சஷ்டிகா. மூன்றாம் வகுப்பு. அவள் நடை பழகும் முன்பே அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். இப்போது சுவரில் படமாக இருக்கிறாள். ஒண்டி ஆளாக வளர்க்கிறான்.

சஷ்டிகாவின் கணக்குப்படி அவளுக்கு இரண்டு அப்பாக்கள். காலை அப்பா, ராத்திரி அப்பா. காலை அப்பா சீப்பைத் தேடுவார். கோணலாக ஜடை போடுவார். ஓடிவிடுவார். ராத்திரி அப்பா சோற்றில் கையை வைத்தபடியே தூங்கிவிடுவார். இரண்டு பேருமே நல்ல மனிதர்கள்தான். சட்டையை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள். மூன்றாவதாக மத்தியான அப்பா ஒருவர் இருப்பதாக அவள் உறுதியாக நம்பினாள். பார்த்ததில்லை.

"மத்தியான அப்பா எப்படி இருப்பாருங்கப்பா?" என்று ஒருமுறை கேட்டாள்.

"தெரியலயே சாமி. நானும் பாத்ததில்ல."

உண்மையைத்தான் சொன்னான். கம்பெனியில் சன்னல் கிடையாது. அங்கே எப்போதும் டியூப்லைட் மணிதான்.

இப்போது அவனுக்கே அந்த ஆளைப் பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. வீட்டுக்கு ஓடி, சுவரில் ஆணியில் தொங்கிய மண்ணெண்ணெய் கேனை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினான். சட்டி இருந்தது, குடம் இருந்தது, குண்டா இருந்தது. கை கேனைத்தான் எடுத்தது. ரேஷன் என்றால் கேன். மண்ணெண்ணெய் போடுவதை நிறுத்திய பிறகும் அந்தக் கேன் அங்கேயேதான் தொங்கிக்கொண்டிருந்தது. என்றைக்காவது மறுபடி போடமாட்டார்களா என்ற நப்பாசை.

கடை முன்னால் திருவிழாக் கூட்டம். சஷ்டிகா சீருடையோடு அங்கே நின்று கையை ஆட்டினாள். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டார்கள். டீச்சர்களும் வரிசையில்தான் நின்றார்கள். அன்று புதன்கிழமை.

வரிசை நன்றாகத்தான் நகர்ந்தது. ஆனால் ஓரடி முன்னே வைத்தால் கடை ஈரடி தள்ளிப் போனது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாதிப் பேர் தங்களுக்குப் பதிலாகக் கல்லையும் பையையும் வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார்கள். கற்கள் பொறுமையாக நின்றன.

"இப்படியே போனா நாம அடுத்த ஊருக்குப் போயிருவோம் சாமி," என்றான் குழந்தைவேலு.

"நம்ம எடம் இங்க இல்லீங்கப்பா. அங்க." சஷ்டிகா முன்னால் கையைக் காட்டினாள். "ஸ்கூலுக்குப் போறப்பவே ஒத்தச் செருப்ப விட்டுட்டுப் போனேன். அது முன்னாடி போயிருச்சு."

அப்போதுதான் அவன் கவனித்தான். மகளின் ஒரு கால் வெறுங்காலாக இருந்தது. கடை வாசலில், எல்லோருக்கும் முன்னால், அவளுடைய நீலச் செருப்பு நின்றுகொண்டிருந்தது.

"அடுத்து யாரு? செருப்புக்காரங்க வாங்க!" என்று உள்ளேயிருந்து கடைக்காரம்மா கூப்பிட்டாள்.

இருவரும் ஓடினார்கள். ஒருவரும் சண்டைக்கு வரவில்லை. செருப்பு வந்தால் செருப்பின் ஆள் வரலாம். அது வரிசையின் முறை.

கைரேகை மிஷினில் குழந்தைவேலு கட்டைவிரலை வைத்தான். மிஷின் கொஞ்சம் யோசித்தது. பிறகு பெண் குரலில், "இந்த நபர் பகலில் இல்லை," என்றது.

"என்னங்ணா, நீங்க பகல்ல இல்லையாமா," என்றாள் கடைக்காரம்மா.

"இங்கதானுங்களே நிக்கறேன்."

"எனக்குத் தெரியுதுங்க. மிஷினுக்குத் தெரியோணுமுங்களே. வேற வெரல வெய்யுங்க."

அவன் எல்லா விரலையும் வைத்துப் பார்த்தான். துணியைத் தள்ளித் தள்ளி ரேகையெல்லாம் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. சட்டையில் துடைத்தும் வைத்தான். எச்சில் தொட்டும் வைத்தான். மிஷின் ஒரே பேச்சுதான் பேசியது. பின்னால் நின்ற கற்கள் முணுமுணுக்க ஆரம்பித்தன. குழந்தைவேலுவுக்கு வியர்த்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்து வெறுங்கேனோடு திரும்புவதா?

சஷ்டிகா எம்பி நின்று தன் குட்டிக் கட்டைவிரலை வைத்தாள்.

"வணக்கம்," என்றது மிஷின்.

கடைக்காரம்மா பீப்பாயைச் சாய்த்து ஊற்றினாள். முதலில் காலை வந்தது. இளமஞ்சளாக, லேசாக, பாலில் ஆடை நிற்பது போல மேலேயே நின்றுகொண்டது. அடுத்து மத்தியானம். அது கனம். கேனின் அடிவரைக்கும் இறங்கி உட்கார்ந்தது. கேன் சூடேறியது. சாயங்காலம் வருகிற நேரத்தில் அவள் பீப்பாயை நிமிர்த்திவிட்டாள்.

"சாயங்காலம் வரலீங்களே?"

"எடைக்கு இவ்வளவுதானுங்க. இதுக்கு முந்துன அட்டைக்குப் பூராச் சாயங்காலமாப் போயிருச்சு. அந்தக்கா ஏதாச்சும் கேட்டுச்சா?" என்றவள் மூக்கைச் சுளித்தாள். "அட, இதென்னங்க, சீமெண்ணக் கேனா? ஞாயித்துக்கெழமைய யாராச்சும் சீமெண்ணக் கேன்ல வாங்குவாங்களா?"

குழந்தைவேலுவுக்கு முகம் தொங்கிவிட்டது.

"செரி, வாங்குனது வாங்கியாச்சு. ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. பக்கத்துல அடுப்பு மட்டும் பத்த வெச்சுராதீங்க. குப்புனு புடிச்சுக்கும். ஒரே மூச்சுல பொழுது போயிரும்."

ஓடி வரும்போதே அவன் மனதுக்குள் அரைக்கிலோ கோழி வாங்கி, மிளகு தட்டிப் போட்டு, கொதிக்கவும் வைத்திருந்தான். அந்தக் கோழி இப்போது எழுந்து போய்விட்டது.

"போனாப் போகுதுங்கப்பா," என்றாள் சஷ்டிகா. "மத்தியானம் இருக்குதில்ல? அது போதும். வெசையா வாங்க!"

கேனுக்கு மூடி கிடையாது. பாலிதீன் கவரைச் சுருட்டி வாயில் அடைத்திருந்தான். சஷ்டிகா கேனில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே யாரோ கறி வெட்டினார்கள். ஒரு மிக்சி ஓடியது. பையன்கள் அவுட்டா இல்லையா என்று கத்தினார்கள். அவளுக்குத் தாங்கவில்லை. குதித்தாள்.

வரும்போது இருந்த தெரு, திரும்பும்போது நீண்டிருந்தது. கையில் பொருளோடு போகிறவர்களுக்கு அது அப்படித்தான் நீளும். குழந்தைவேலு கேனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினான். அடைப்பு ஓரமாகக் கசிந்தது. ஒரு சொட்டு விழுந்த இடத்தில் நாய் ஒன்று மல்லாந்து படுத்தது. இன்னொரு சொட்டு ஓர் ஆட்டோ மேல் விழுந்தது. டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, கால்களைக் கம்பியில் தூக்கிப் போட்டுக் கண்ணை மூடினார். பின்சீட்டில் இருந்தவர் வண்டி எப்போது போகும் என்று கேட்கவில்லை. அவரும் செய்தித்தாளை விரித்துவிட்டார்.

"அப்பா, சிந்துது! சிந்துது!"

"நான் என்ன பண்ணட்டும் சாமி, தெரு முடிய மாட்டேங்குது!"

"செருப்பக் கழட்டி முன்னால வீசுங்கப்பா!"

வீசினான். செருப்பு லைன் வீட்டு வாசலில் போய் விழுந்தது. பிறகென்ன, செருப்பு இருக்கும் இடத்துக்கு ஆளும் போய்த்தானே ஆகவேண்டும். போய்விட்டார்கள். இவ்வளவு நேரம் இது தனக்குத் தோன்றவில்லையே என்று குழந்தைவேலுவுக்குத் தன் மேலேயே சிரிப்பு வந்தது.

லைன் வீடு என்றால் ஒரே வரிசையாக ஒற்றை ஒற்றை அறைகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். அந்தக் குழாயடியில் சம்பூர்ணக்கா காத்திருந்தாள். பக்கத்து அறைக்காரி. பனியனில் பிசிறு வெட்டிக் கொடுக்கிற வேலை. ராத்திரி அப்பா வருகிறவரைக்கும் சஷ்டிகா தினமும் இருப்பது அவள் அறையில்தான்.

"குழந்த, ஒரே ஒரு டம்ளர் காலை ஊத்து சாமி."

"உங்களுக்கும் ஒண்ணு போட்டிருப்பாங்களேங்கக்கா?"

"போட்டாங்க, போட்டாங்க. பூராச் சாயங்காலம். அத வெச்சுட்டு நான் என்ன பண்ணட்டும்? காலைல ஆறு மணிக்கு மேல ஒருக்காத் தூங்கிப் பாக்கோணும் எனக்கு. வேற ஒண்ணும் வேண்டாம்."

டம்ளர் என்றாளே ஒழிய, அவள் கையில் இருந்தது பித்தளைச் சொம்பு. நல்ல பெரிய சொம்பு. குழந்தைவேலு சொம்பைப் பார்த்தான். கேனைப் பார்த்தான். இத்தனை நாள் தன் பிள்ளைக்குச் சோறு போட்ட கையையும் பார்த்தான். இல்லை என்று எப்படிச் சொல்வான்?

"ஊத்துங்கப்பா," என்றாள் சஷ்டிகா. "பெரியம்மா தூங்கட்டும். மத்தியானம் மட்டும் சிந்தாமப் பாத்துக்குங்க."

மெதுவாகச் சாய்த்தான். காலை முழுவதும் சொம்புக்குள் போனது. மத்தியானத்தின் விளிம்பு கேன் வாயில் பளீரென்று தெரிந்தபோது வெடுக்கென்று நிமிர்த்திவிட்டான். சம்பூர்ணக்கா சொம்பின் மேல் தட்டை மூடிக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்திய மறு நொடி குறட்டை கேட்டது.

அப்பாவும் மகளும் வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழிட்டார்கள். சன்னலை மூடினார்கள். புதன்கிழமை உள்ளே வரக்கூடாது. சஷ்டிகா துணி துவைக்கிற பெரிய பேசினைக் கழுவித் துடைத்து நடுவில் வைத்தாள்.

"ஊத்தட்டுமா?"

"ஊத்துங்கப்பா!"

அந்த நேரம் பார்த்து பீரோ திறந்தது. சூப்பர்வைசர் கிருபாகரன் வெளியே வந்தார். அவர் எப்போதும் பீரோ வழியாகத்தான் வருவார். கழுத்தில் இன்ச் டேப் தொங்கியது. தோளில் சஷ்டிகாவின் பாவாடை ஒன்று ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அதை எடுத்து மடித்து வைத்தார். மரியாதை தெரிந்தவர்.

"குழந்த, ஷிப்மெண்ட் நிக்குது."

குழந்தைவேலு கேனோடு எழுந்து நின்றான். "இல்லீங் சார், மிஷின அப்படியே விட்டுட்டு வந்தது தப்புத்தானுங்..."

"உன்னக் கூப்பட வரல. நீ அங்க தெச்சுட்டுத்தான் இருக்கறே. பாத்துட்டுத்தான் வாரேன். மத்தியானம்தான் வேணும்."

"மத்தியானமுங்களா?"

"கம்பெனில இருந்த மத்தியானமெல்லாம் தீந்து போச்சு. காலைல இருந்து நேரா ராத்திரி ஆயிருது. சாப்பாட்டுக்கு பெல்லடிக்க முடியல. ஆளுக சோத்துப் போசியக் கைல வெச்சுட்டு எப்பத் திறக்கறதுன்னு தெரியாம நிக்கறாங்க." கிருபாகரன் டேப்பை உருவிக் கேனை அளந்தார். "இது ஒரு ஆளு மத்தியானந்தான். இருந்தாலும் பரவால்ல. டபுள் போட்டுத் தாரேன்."

டபுள் என்ற சொல்லைக் கேட்டதும் குழந்தைவேலுவின் வாய் தானாகத் திறந்தது. அது பழகிய வாய். சஷ்டிகாவின் பள்ளிக்கூட ஷூ முன்பக்கம் பிளந்து கிடப்பது ஞாபகம் வந்தது. வாடகை கேட்டு வருகிற வீட்டுக்காரர் முகம் ஞாபகம் வந்தது. "செ" வெளியே வந்துவிட்டது. "ரிங்க" உதட்டில் நின்றது.

சஷ்டிகா அழவில்லை. பேசின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இன்னும் வராத ஒருவருக்காக வாசலைப் பார்ப்பது போல அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழந்தைவேலு "ரிங்க"வை விழுங்கினான். அது தொண்டையை அறுத்துக்கொண்டு இறங்கியது.

"சார், இதுல சீமெண்ண வாசம் அடிக்குமுங்."

"என்னது?"

"மோந்து பாருங்."

கிருபாகரன் அடைப்பை எடுத்து மூக்கை வைத்தார். மூக்கை எடுத்தார். "யோவ்! அத்தனையும் வெள்ளை டி-ஷர்ட்டுய்யா! வாசம் ஏறுச்சுன்னா பையர் கன்டெய்னரோட திருப்பி அனுப்பிருவான்!"

"அடில இன்னும் எச்சா நாறுமுங்," என்றான் குழந்தைவேலு. அவன் சும்மா சொன்னான். சொல்லும்போது உடம்பு முழுக்க ஓர் ஆனந்தம் ஓடியது. "துணில ஒருக்கா ஏறுச்சுன்னா போகவே போகாதுங். நீங்க வேணும்னா எடுத்துட்டுப் போங். அப்புறம் என்னையச் சொல்லக்கூடாதுங்."

"நல்ல பாத்தரத்துல வாங்கத் தெரியாதாய்யா உனக்கு?"

"தெரியாதுங் சார்."

கிருபாகரன் தலையில் அடித்துக்கொண்டு பீரோவுக்குள் போனார். குழந்தைவேலு பீரோவைச் சாத்திச் சாவியைத் திருப்பி, சாவியை அரிசி டப்பாவுக்குள் போட்டான். பிறகு அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு அடங்கவே மாட்டேன் என்றது.

மத்தியானத்தைப் பேசினில் ஊற்றினான். தளும்பத் தளும்ப நின்றது. வெளிச்சம் கீழேயிருந்து மேலே அடித்தது. கூரையில் ஓட்டை இருந்த இடமெல்லாம் தெரிந்தது. சுவரில் இருந்த அம்மாவின் படத்தில் இதுவரை தெரியாத ஒரு தோடு மினுங்கியது. வீடு முழுக்க மண்ணெண்ணெய் வாசம். இருவருக்கும் அது வாசனையாகவே இருந்தது.

அடுப்புதான் பற்ற வைக்கக்கூடாது. வெயிலில் சமைக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. குழந்தைவேலு தோசைக்கல்லைப் பேசின் மேல் வைத்து இருந்த ஒரே முட்டையை உடைத்து ஊற்றினான். சொய்ங்கென்று சத்தம் வந்தது. உப்பும் மிளகும் போட்டான். சஷ்டிகா கை தட்டினாள். பிறகு அவன் முன்னால் வந்து மண்டியிட்டு, இரண்டு கையாலும் அவன் முகத்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எப்படி சாமி இருக்கறாரு மத்தியான அப்பா?"

"காதுல முடி இருக்குது. கன்னத்துல ஒரு குழி." அவள் விரலை அதில் வைத்தாள். "சிரிச்சா வருது. அந்த ரெண்டு பேருக்கும் இது இல்லீங்க."

அவனும் அவளைப் பார்த்தான். அவள் கண் கருப்பு என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தான். கருப்பு இல்லை. டிகாஷன் நிறம். சுவரில் இருக்கிறவளுடைய கண்.

கதவு தட்டப்பட்டது. சம்பூர்ணக்கா. முகம் பூசினாற்போல் உப்பியிருந்தது. நன்றாகத் தூங்கிய முகம். சொம்பைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள்.

"வெறும் சொம்பாக் குடுக்கக் கூடாது பாரு," என்றாள். "ஏதோ நம்மகிட்ட இருந்தது."

சொம்பு நிறையச் சாயங்காலம். மேலே தட்டு மூடியிருந்தது. தட்டு இடுக்கில் குளிர்ந்த காற்று வந்தது. சஷ்டிகா அதை இரண்டு கையாலும் வாங்கிப் படத்துக்குக் கீழே வைத்தாள்.

முட்டை வெந்துவிட்டது. தட்டில் எடுத்து வைத்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. இழுத்து இழுத்து வருகிற செருப்பு. சஷ்டிகாவுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும்.

"ராத்திரி அப்பா வந்துட்டாரு!" என்று ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

கம்பெனியிலிருந்து ராத்திரி அப்பா வந்து நின்றார். அதே சட்டை. தலையெல்லாம் பஞ்சு. கையில் திறக்காத சோற்றுப் போசி. வெளிச்சம் கூசிக் கண்ணைச் சுருக்கினார்.

"சத்தம் போடாதீங்கப்பா," என்றாள் அவள். "உள்ள ஞாயித்துக்கெழமை நடக்குது. கையக் கழுவிட்டு வாங்க."

அவர் கழுவிக்கொண்டு வந்தார். குழந்தைவேலு நகர்ந்து இடம் விட்டான். அந்த மனிதரை அவன் மத்தியான வெளிச்சத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கண்ணுக்குக் கீழே அவ்வளவு கருப்பு. தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அடப்பாவி, இந்த ஆளுக்கு இவ்வளவு அசதியா என்று அவனுக்கு மனது பதறியது. யாரும் இவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே.

"சாப்டீங்களா?" என்று கேட்டான்.

"இல்லீங்க," என்றார் ராத்திரி அப்பா. "அங்க மத்தியானமே வரல."

போசியைத் திறந்தார்கள். தயிர்சோறு. முட்டையைப் பக்கத்தில் வைத்தார்கள். ராத்திரி அப்பா முதல் வாயைத் தூங்காமல் சாப்பிட்டார். இரண்டாவது வாயையும் சாப்பிட்டார். பிறகு சிரித்தார். கன்னத்தில் குழி விழுந்தது. சஷ்டிகா "ஹே!" என்று கத்திவிட்டாள்.

பேசினில் மத்தியானம் இன்னும் வற்றவில்லை. சொம்பில் சாயங்காலம் மூடியபடியே இருந்தது. ஒருவருக்கும் அவசரமில்லை. சஷ்டிகா இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, முட்டையில் ஒரு துண்டு பிய்த்துத் தட்டின் ஓரமாக ஒதுக்கி வைத்தாள்.

"அது யாருக்கு சாமி?"

"காலை அப்பாவுக்கு. சீப்பத் தேடிட்டுப் பசியோட வருவாருல்ல."